பேறுகாலத் தாயும் நாம் கேட்க மறந்த கேள்வியும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய சாந்தியும் சமாதானமும் நம் தலைவர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் நிலவட்டுமாக.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாவில் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். இளைஞர் ஒருவர் தண்ணீர்ப் பாட்டிலுடன் வந்து வாசலில் நின்றார். அவருடைய மனைவிக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. "வீட்டில் சிரிப்பே இல்லை ஹஜ்ரத். குழந்தை அழுதால்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. இரவெல்லாம் உட்கார்ந்து அழுகிறாள். கண்ணேறோ வேறு எதுவோ என்று அம்மா பயப்படுகிறார்கள். ஓதித் தாருங்கள்" என்றார். நாம் ஓதி ஊதிக் கொடுத்தோம். பொறுமையைக் கடைப்பிடிக்கவும் திக்ரை அதிகப்படுத்தவும் சொல்லி அனுப்பினோம். அவரும் நன்றி சொல்லிப் போனார்.

இரண்டு மாதங்களுக்குப் பின்னரே நம் துணைவியார் மூலம் மீதி விவரம் நமக்குத் தெரிய வந்தது. அந்தப் பெண் பல நாட்களாக உறங்கவில்லை. தைத்த இடம் புண்ணாகி, உட்கார முடியாத வலியை வெட்கத்தால் மறைத்து வைத்திருந்தாள். தன் ஈமானில் ஏதோ குறை இருப்பதால்தான் ஹஜ்ரத் பொறுமையைப் பற்றிச் சொல்லி அனுப்பினார் என்று எண்ணி மேலும் கலங்கிப் போனாள். இறுதியில் அவளைப் பெற்ற தாய் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். சிகிச்சை பெற்று, அல்லாஹ்வின் அருளால் நலமடைந்தாள்.

ஓதிக் கொடுத்ததில் தவறில்லை. ஆனால் நாம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. உறங்குகிறாளா, உண்கிறாளா, எங்கேனும் வலிக்கிறதா, துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று எதையும் விசாரிக்காமல் அறிவுரை சொல்லிவிட்டோம். அந்த வருத்தம் நம்மை நூல்களின் பக்கம் திருப்பியது. பிள்ளை பெற்ற பெண்ணின் உடலையும் உள்ளத்தையும் நம் மார்க்கமும் நம் முன்னோரும் எவ்வாறு நோக்கினர் என்று தேடினோம். அத்தேடலில் கிடைத்தவற்றுள் சிலவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

பேரீச்ச மரத்தடியில்

திருக்குர்ஆனின் 19-ஆம் அத்தியாயம் மர்யம் (அலை) அவர்களின் பெயரையே தாங்கி நிற்கிறது. அதில் 22 முதல் 26 வரையிலான வசனங்களை நாம் மதரஸாவில் எத்தனையோ முறை ஓதிக்கொடுத்திருக்கிறோம். தனியே ஒதுங்கிச் சென்ற அவ்வன்னையைப் பிரசவ வேதனை ஒரு பேரீச்ச மரத்தின் அடிக்குக் கொண்டு சேர்க்கிறது. உடல் வேதனை ஒருபுறம், ஊரார் என்ன சொல்வார்களோ என்ற கலக்கம் மறுபுறம். இதற்கு முன்பே தாம் இறந்து, அடியோடு மறக்கப்பட்டவராய்ப் போயிருக்கக் கூடாதா என்று அவர்கள் புலம்பியதை அல்லாஹ் தன் வேதத்திலேயே பதிவு செய்துள்ளான்.

அகிலத்துப் பெண்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று அதே வேதம் போற்றும் பெண்மணி அவர்கள். அவர்களின் நாவிலிருந்து வந்த அச்சொல்லுக்கு மறுமொழியாகக் கண்டனம் எதுவும் வரவில்லை. நன்றி கெட்டவள் என்றோ நம்பிக்கை குறைந்தவள் என்றோ கூறப்படவில்லை. மரத்தின் கீழ்ப்புறத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அது வானவர் ஜிப்ரீல் (அலை) அவர்களின் குரல் என்று விரிவுரையாளர்களில் ஒரு சாராரும், பிறந்த குழந்தையின் குரல் என்று மற்றொரு சாராரும் கூறுவர். அக்குரல் சொன்னவற்றின் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலாவதாக, கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதல். அடுத்து, காலடியில் ஓடும் நீரோடை பற்றிய செய்தி. அதன்பின் கனிந்த பேரீச்சம்பழம். உண்ணவும், பருகவும், கண்குளிர்ந்திருக்கவும் கட்டளை. இறுதியாக, மனிதர் எவரேனும் எதிர்ப்பட்டால் இன்று யாருடனும் பேசுவதில்லை என நேர்ந்துகொண்டிருப்பதாக உணர்த்திவிடுமாறு வழிகாட்டல்.

உள்ளத்துக்கு ஆறுதல், உடலுக்கு நீரும் உணவும், ஊராரின் விசாரணைக்குப் பதில் சொல்லும் சுமையிலிருந்து விடுதலை. இம்மூன்றும் ஒரு தாய்க்கு வானத்திலிருந்து வழங்கப்பட்டன. நம் வீடுகளில் சிலவற்றிலோ பச்சை உடம்புக்காரி என்று சொல்லித் தாகத்துக்குத் தண்ணீர்கூட அளந்து கொடுக்கிறார்கள். தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்ற பேச்சு இன்றும் வழக்கில் உள்ளது. பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட அதிக நீர் தேவை என்பதை மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். மர்யம் (அலை) அவர்களின் வரலாற்றை ஓதும் வீட்டில் இந்த அளவுக் கிண்ணம் எப்படி வந்து புகுந்தது என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

துல்ஹுலைஃபாவில் பிறந்த குழந்தை

ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டு. நபி (ஸல்) அவர்கள் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறார்கள் என்ற அறிவிப்பைக் கேட்டுப் பெருந்திரளான மக்கள் மதீனாவில் கூடினர். அப்பயணக் கூட்டத்தில் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களும் இருந்தார்கள். முதல் கணவர் ஜஅஃபர் (ரலி) அவர்களுடன் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்து, அந்நிய நாட்டில் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்கள் அவர்கள். ஹிஜ்ரி 8-இல் மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதானபின் அபூபக்ர் (ரலி) அவர்களை மணந்தார்கள். நிறைமாதக் கர்ப்பத்தோடு ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அவர்களுக்கு, மதீனாவை அடுத்த துல்ஹுலைஃபாவிலேயே பிரசவம் ஆயிற்று. முஹம்மது பின் அபூபக்ர் பிறந்தார்.

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்து, ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் நீண்ட ஹதீஸில் அடுத்து நடந்தது கூறப்படுகிறது. தாம் என்ன செய்ய வேண்டும் என்று அஸ்மா (ரலி) அவர்கள் நபியவர்களிடம் ஆளனுப்பிக் கேட்டார்கள். குளித்துவிட்டு, உதிரப்போக்குக்குத் துணியை இறுகக் கட்டிக்கொண்டு, இஹ்ராம் அணியுமாறு நபியவர்கள் பணித்தார்கள். வீட்டுக்குத் திரும்பிப் போ என்று சொல்லவில்லை. தீட்டுடையவள் கூட்டத்தில் கலக்கலாகாது என்றும் சொல்லவில்லை. தூய்மையாகும் வரை கஅபாவை வலம் வருவது மட்டுமே அவர்களுக்குத் தடுக்கப்பட்டிருந்தது. மற்றபடி தல்பியா முழங்கிய அந்தப் பெருங்கூட்டத்தில் அவர்களும் ஒரு ஹாஜியாகவே பயணம் தொடர்ந்தார்கள்.

அதே பயணத்தில் மற்றொரு நிகழ்வும் உண்டு. மக்காவுக்கு அருகிலுள்ள ஸரிஃப் என்னுமிடத்தில் ஆயிஷா (ரலி) அவர்களுக்கு மாதவிடாய் ஏற்பட்டது. ஹஜ்ஜு தவறிவிடுமோ என்று அழுதுகொண்டிருந்தார்கள். உள்ளே வந்த நபி (ஸல்) அவர்கள், அழுவதன் காரணத்தைத்தான் முதலில் கேட்டார்கள். மாதவிடாய் வந்துவிட்டதா என்றும் தாமே வினவினார்கள். இது ஆதமின் பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்த ஒன்று என்று தேறுதல் கூறி, வலம் வருவதைத் தவிர ஹாஜிகள் செய்யும் அனைத்தையும் செய்யுமாறு சொன்னார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை வழிநடத்திச் செல்லும் தலைவர், ஓர் ஒட்டகக் கூடாரத்துக்குள் அழும் மனைவியிடம் நின்று காரணம் கேட்கிறார். இந்த ஹதீஸைப் பல ஆண்டுகள் சட்டப் பாடமாகவே நடத்தி வந்தோம். அதனுள் இருந்த கேள்வியை அந்த இளைஞர் வந்துபோன பிறகுதான் கவனித்தோம்.

குழந்தையின் அழுகுரல் கேட்டால் நபி (ஸல்) அவர்கள் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள் என்ற ஹதீஸையும் நாம் அறிவோம். தாயின் மனம் படும் பாட்டை எண்ணியே அவ்வாறு செய்ததாக அவர்களே காரணம் கூறியுள்ளார்கள். முழு ஜமாஅத்தின் தொழுகை நேரம் ஒரு தாயின் பதைப்பை முன்னிட்டுக் குறைந்தது.

நாற்பது நாட்கள் எதற்காக?

பிரசவத்துக்குப் பின் வரும் உதிரப்போக்கை மார்க்கச் சட்டக்கலை நிஃபாஸ் என்று அழைக்கிறது. நபியவர்களின் காலத்தில் நிஃபாஸுடைய பெண்கள் 40 நாட்கள் இருப்பார்கள் என்று உம்மு சலமா (ரலி) அறிவித்த செய்தி அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உள்ளது. அதே அறிவிப்பில் நம் கண்ணை ஈர்க்கும் ஒரு வாசகமும் உண்டு. முகத்தில் விழும் மங்குக்காக அப்பெண்கள் 'வர்ஸ்' எனும் மஞ்சள் நிற மூலிகையை முகத்தில் பூசிக்கொள்வார்களாம். கருவுற்ற பெண்களின் முகத்தில் கருமை படர்வதை இன்றும் காண்கிறோம். பிள்ளை பெற்ற பெண் தன் முகத்தைப் பற்றியும் அக்கறை கொள்ளலாம் என்பதை நபித்தோழியர் இயல்பாகவே சொல்லிச் சென்றுள்ளனர்.

ஹனஃபி மத்ஹபில் நிஃபாஸின் உச்ச அளவு 40 நாட்கள். ஷாஃபிஈ மத்ஹபில் பெரும்பாலான பெண்களுக்கு 40 நாட்கள் என்றும், உச்ச அளவு 60 நாட்கள் என்றும் கூறப்பட்டுள்ளது. குறைந்த அளவுக்கு இரு மத்ஹபுகளிலும் வரம்பு இல்லை. பத்தாம் நாளிலேயே உதிரம் முற்றிலும் நின்றுவிட்டால், அவள் குளித்துவிட்டுத் தொழ வேண்டியவளாகிறாள். 'நாற்பது கழியட்டும்' என்று காத்திருந்து தொழுகையை விடும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இந்நாட்களின் சட்டங்களைச் சற்று நின்று நோக்கினால், அவற்றில் சலுகையே மேலோங்கி இருப்பதைக் காணலாம். உதிரம் 40 நாட்கள் நீடித்தால் ஒரு பெண்ணுக்கு 200 வேளைக் கடமைத் தொழுகைகள் விலக்கப்படுகின்றன. அவற்றில் ஒன்றைக்கூட அவள் பிற்பாடு களாச் செய்ய வேண்டியதில்லை. நோன்பை மட்டும் வசதியான நாட்களில் நோற்றால் போதும். தூய்மையடைந்த பின்பும், பால் கொடுக்கும் தாய் தனக்கோ குழந்தைக்கோ தீங்கு வரும் என அஞ்சினால் ரமளான் நோன்பைத் தள்ளிப்போடலாம். தொழுகையை விடுவது அப்பெண்ணின் குற்றமும் அன்று, குறையும் அன்று. படைத்தவனே அவளுக்குக் கொடுத்த ஓய்வு அது.

ஆயினும் காலப்போக்கில் இந்த ஓய்வு சில வீடுகளில் ஒதுக்கமாக மாறிவிட்டது. தனித்தட்டு, தனிப்பாய், அவள் தொட்டதைத் தொடக்கூடாது என்ற விலக்கு ஆகியவற்றுக்கு மார்க்கத்தில் ஆதாரம் இல்லை. மாதவிடாய் நாட்களில் ஆயிஷா (ரலி) அவர்கள் வாய் வைத்துப் பருகிய இடத்திலேயே நபியவர்களும் வாய் வைத்துப் பருகினார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. நாற்பதாம் நாள் குளிப்பு முடிந்தவுடன் அவள் பழையபடி ஆகிவிட்டாள் என்று கருதி, சமையலும் துணி துவைப்பும் ஒரே நாளில் அவள் தலையில் விழுகின்றன. நிஃபாஸ் முடிவது ஒரு சட்டத்தின் எல்லை. உடல் தேறுவதற்கு வேறு கணக்கு உண்டு. திருக்குர்ஆன் தாயின் உழைப்பைக் குறிப்பிடும்போது, சுமப்பதும் பால்குடி மறக்கச் செய்வதும் சேர்ந்து 30 மாதங்கள் என்று 46-ஆம் அத்தியாயத்தில் கணக்கிடுகிறது. 31-ஆம் அத்தியாயம் பலவீனத்தின் மேல் பலவீனமாக அவள் சுமந்ததை நினைவூட்டுகிறது. 2-ஆம் அத்தியாயத்தின் 233-ஆம் வசனமோ, குழந்தையைக் காரணமாக்கித் தாய்க்குத் தீங்கு நேரக்கூடாது என்று சட்டமே வகுத்துவிட்டது.

கலீஃபா கேட்ட அழுகுரல்

உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் வணிகக் கூட்டம் ஒன்று மதீனாவில் வந்து தங்கியது. அவர்களுக்குக் காவலாக உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களும் இரவில் விழித்திருந்தார்கள். ஒரு குழந்தை விடாமல் அழுதது. தாயிடம் சென்று குழந்தையைக் கவனிக்கும்படி கூறிவிட்டு வந்தார்கள் உமர் (ரலி). அழுகை மீண்டும் கேட்டது. இப்படி மூன்று முறை ஆயிற்று. இறுதியில் காரணம் கேட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பால்குடி மறந்த பிள்ளைகளுக்கு மட்டுமே உமர் உதவித்தொகை தருகிறார், அதனால் காலத்துக்கு முன்பே பாலை மறக்கடிக்க முயல்கிறேன் என்றாள் அந்தத் தாய். தன்னிடம் பேசுபவர் யாரென்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் ஃபஜ்ரு தொழுகையில் அவர்கள் ஓதியது அழுகையின் மிகுதியால் மக்களுக்கு விளங்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். தொழுகை முடிந்ததும், இனிப் பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் பிறப்பிலிருந்தே உதவித்தொகை உண்டு என்று ஆட்சிப்பகுதி எங்கும் அறிவிக்கச் செய்தார்கள். முதல் இரண்டு முறை கலீஃபாவும் அறிவுரைதான் சொன்னார்கள். அழுகை ஓயவில்லை. காரணம் கேட்ட பின்னர்தான் தம்முடைய சட்டமே அத்தாயின் துயருக்கு வேர் என்று தெரிந்தது. தெரிந்தவுடன் சட்டத்தை மாற்றினார்கள்.

மருத்துவர்களும் மருத்துவச்சிகளும்

முஸ்லிம் உலகில் மருத்துவம் தழைத்த நூற்றாண்டுகளில் பேறுகாலம் தனித்த கவனத்தைப் பெற்றது. 10-ஆம் நூற்றாண்டில் குர்துபாவைச் சேர்ந்த அரீப் பின் ஸஅத், கருவின் படைப்பு, கர்ப்பிணிகள் பராமரிப்பு, பிறந்த குழந்தைகளின் பராமரிப்பு ஆகியவற்றுக்கென்றே ஒரு நூல் எழுதினார். அதே நகரப் பகுதியைச் சேர்ந்த அஸ்ஸஹ்ராவீ, 30 பகுதிகள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' எனும் தம் பெருநூலின் இறுதிப் பகுதியில், கடினப் பிரசவங்களைக் கையாள்வது பற்றியும், நஞ்சுக்கொடி வெளிவராது தங்கிவிட்டால் செய்ய வேண்டியது பற்றியும் மருத்துவச்சிகளுக்கு விளக்கினார்.

1377-இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், கட்டடக்கலை, நெசவு முதலிய தொழில்களோடு மருத்துவச்சித் தொழிலுக்கும் தனி அத்தியாயம் ஒதுக்கினார். குழந்தை பிறந்தவுடன் மருத்துவச்சியின் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதை அவர் எழுத்தில் காண்கிறோம். பிரசவ வேதனையால் தாய்க்கு ஏற்பட்ட தளர்ச்சிக்கும் அவள் சிகிச்சை அளிக்கிறாள். பச்சிளங்குழந்தையின் நோய்களைத் தேர்ந்த மருத்துவரைவிட மருத்துவச்சிகளே நன்கறிவர் என்றும் அவர் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார்.

உள்ளத்தின் நோய் பற்றிப் பேச வேண்டுமெனில் அபூஸைத் அல்பல்கீ அவர்களை நினைவுகூர வேண்டும். 934-இல் மறைந்த இவ்வறிஞர், உடல்களின் நலனையும் உள்ளங்களின் நலனையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார். உடல் நோயுறுவது போலவே உள்ளமும் நோயுறும் என்பது அவருடைய அடிப்படை. கவலையை அவர் இரண்டாகப் பிரித்தார். இழப்பு போன்ற தெரிந்த காரணத்தால் வருவது ஒன்று. காரணம் இன்னதென்று தெரியாமலே உள்ளத்தை அழுத்துவது மற்றொன்று. இந்த இரண்டாம் வகைக்கு உடலில் நேரும் மாற்றமே மூலம் என்றும், அதற்கு உடல் மருத்துவமும் தேவை என்றும் அவர் கருதினார். அவர் அதைப் பிரசவத்தோடு தொடர்புபடுத்தி எழுதவில்லை. ஆயினும் 'எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் அழுகிறாய்?' என்று பிள்ளை பெற்றவளை அதட்டும் வீட்டுக்கு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவர் விடை எழுதி வைத்திருக்கிறார்.

பிற்காலம் கற்றுத்தந்தவை

இத்தனை அக்கறை இருந்தும், பேறுகாலத்தில் பெண்கள் இறப்பது எல்லா நாடுகளிலும் சாதாரணமாகவே இருந்தது. நிஃபாஸில் இறந்த ஒரு பெண்ணுக்கு நபி (ஸல்) அவர்கள் ஜனாஸாத் தொழுகை நடத்தியதை ஸமுரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. மகப்பேற்றில் இறப்பவள் ஷஹீத் என்ற நற்செய்தியும் வந்துள்ளது. அந்த மரணங்களில் பலவற்றைத் தடுக்கும் வழி மிகத் தாமதமாகவே மனிதகுலத்துக்குக் கிடைத்தது. 1847-இல் வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய செம்மல்வைஸ் எனும் மருத்துவர், பிணப் பரிசோதனை செய்த கையுடன் மருத்துவர்கள் தாய்மாரைத் தொடுவதே பிரசவக் காய்ச்சலுக்குக் காரணம் எனக் கண்டார். குளோரின் கலந்த நீரில் கை கழுவுவதைக் கட்டாயமாக்கினார். 1846-இல் அவருடைய பிரிவில் 100 தாய்மாருக்கு 11 பேர் என்றிருந்த மரணம், 1848-இல் ஏறக்குறைய ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தது.

உள்ளத்தின் துயரத்துக்குப் பெயர் கிடைக்க இன்னும் காலம் பிடித்தது. 1858-இல் பாரிஸ் மருத்துவர் லூயி விக்டர் மார்சே, கர்ப்பிணிகள், புதிதாய்ப் பிரசவித்தோர், பாலூட்டுவோர் ஆகியோருக்கு வரும் மனநோய்களைப் பற்றித் தனி நூல் வெளியிட்டார். 1987-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 10 கேள்விகள் கொண்ட ஒரு சிறு படிவம் உருவாயிற்று. கடந்த 7 நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றி உங்களையே பழித்துக்கொண்டீர்களா, உறங்க முடியாத அளவுக்குத் துயரம் இருந்ததா என்ற பொருளில் அமைந்த எளிய கேள்விகள் அவை. இன்று உலகெங்கும் மருத்துவர்கள் பேறுகால மனச்சோர்வைக் கண்டறிய அதைப் பயன்படுத்துகின்றனர். கேட்பதே சிகிச்சையின் முதற்படி என்பதை அப்படிவம் உணர்த்துகிறது.

நம் மண்ணிலும் இது ஆராயப்பட்டுள்ளது. தமிழ்நாட்டின் ஊரகப் பெண்களிடையே நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், 100 தாய்மாரில் 11 பேருக்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு புதிதாக ஏற்பட்டது தெரிந்தது. அதற்குத் துணைபோன காரணங்களாக ஆய்வாளர் கண்டவை இவை: வறுமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாருடனும் பெற்றோருடனும் இருந்த மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்பங்கள், வேலைகளில் கைகொடுக்க ஆளில்லாமை. இவற்றில் பெரும்பாலானவை நம் வீட்டுக் கூடத்திலேயே சரிசெய்யத் தக்கவை.

பெண் குழந்தை என்றதும் முகம் கறுப்பதை 16-ஆம் அத்தியாயம் அறியாமைக் காலத்தின் அடையாளமாகக் கண்டிக்கிறது. மேலும், இம்ரானின் மனைவி தம் வயிற்றுப் பிள்ளையை இறைப்பணிக்கு நேர்ந்துவிட்டு, தாம் பெற்றது பெண்ணாயிற்றே என்று இறைவனிடம் முறையிட்டதை 3-ஆம் அத்தியாயம் கூறுகிறது. அப்படிப் பிறந்த பெண் குழந்தைதான் மர்யம் (அலை).

இன்று நம் வீட்டில்

பிள்ளை பெற்ற பெண்ணுக்கு முதல் இரு வாரங்களில் காரணமின்றி அழுகையும் எரிச்சலும் வந்து போவது இயல்பு. உறக்கமும் உணவும் அன்பான பேச்சும் இருந்தால் பெரும்பாலும் தானே நீங்கும். இரண்டு வாரங்களைக் கடந்தும் துயரம் நீடித்தால், குழந்தை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வராவிட்டால், குழந்தையின் மேல் பற்று எழாவிட்டால், தன்னைத் தானே பழித்துக்கொண்டிருந்தால் மருத்துவரைக் காண வேண்டும். சாவைப் பற்றிப் பேசினாலோ, இல்லாத குரல்கள் கேட்பதாகக் கூறினாலோ, பேச்சும் நடத்தையும் திடீரென மாறினாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அவளைத் தனியே விடவும் கூடாது. இந்தக் கடும் நிலை 1000 பேரில் ஓரிருவருக்கு வருவது. ஜின் பிடித்தது என்று எண்ணி அலைந்து நாட்களைக் கடத்துவதால் தாய், சேய் இருவரின் உயிருக்கும் ஆபத்து நேரலாம். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசி வழிகாட்டல் பெறலாம்.

உடலைப் பொறுத்தவரை, அளவுக்கு மீறிய உதிரப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றம், கடுந்தலைவலி, கண் மங்கல், காலில் வீக்கத்துடன் வலி, மூச்சுத்திணறல், தைத்த இடத்தில் சீழ் ஆகியவற்றில் எது தோன்றினாலும் வெட்கப்பட்டு மறைக்காமல் சொல்லும் துணிவை அவளுக்கு நாம் கொடுக்க வேண்டும். கேட்டால்தான் அவள் சொல்வாள். பொதுவாகக் கேட்காமல் கணவரும் மாமியாரும் பெயர் சொல்லி அழைத்து, தனியே அமர்ந்து கேட்க வேண்டும்.

மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. ஓதிப் பார்ப்பதை நாம் இன்றும் விடவில்லை. ஆனால் இப்போது தண்ணீர்ப் பாட்டிலுடன் யாரேனும் வந்தால், வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவரை உட்காரச் சொல்கிறோம். உங்கள் வீட்டார் உறங்கி எத்தனை நாளாயிற்று, சாப்பிடுகிறார்களா, வலி ஏதும் சொன்னார்களா, இரவில் குழந்தையை யார் தூக்குகிறார்கள் என்று கேட்கிறோம். பலருக்கு விடை தெரிவதில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டு வாருங்கள், அதன்பின் ஓதுவோம் என்று அனுப்புகிறோம். சென்ற ரமளானுக்கு முன் அவ்வாறு அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வரவேயில்லை. சில வாரங்கள் கழித்து ஜும்ஆவில் கண்டபோது விசாரித்தோம். கேட்டவுடன் மனைவி அழுதுவிட்டதாகவும், அன்றிரவே குழந்தையைத் தாம் வாங்கிக்கொண்டு அவளை உறங்கவிட்டதாகவும், மறுநாள் மருத்துவரிடம் சென்றதாகவும் சொன்னார்.

கருவறையில் நம்மைச் சுமந்த தாய்மார் அனைவருக்கும் அல்லாஹ் நல்லருள் புரிவானாக. பேறுகாலத்தில் இருக்கும் நம் பெண்மக்களின் உடலுக்கு வலிமையையும், உள்ளத்துக்கு அமைதியையும், அவர்களைச் சூழ்ந்திருக்கும் நமக்குக் கேட்கும் செவியையும் தந்தருள்வானாக. ஆமீன்.